திருநரோடு பழகுவது எப்படி? கத்தோலிக்கருக்கான முழுமையான வழிகாட்டி

பிறந்த பாலோடு தம் பாலின அடையாளம் ஒட்டாதவர்களான திருநரோடு பழகுவதில் கத்தோலிக்கர் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான். பாலின மாற்றம் பற்றித் திருச்சபை என்ன போதிக்கிறது என்பது ஒன்று. என் எதிரில் நிற்கும் இந்த மனிதருக்கு நான் செய்யவேண்டிய கடமை என்ன என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஏடுகளில் பதில் இருக்கிறது. வாழ்நாளில் சில முறைதான் அது நேராக நம் முன் வரும். இரண்டாவது கேள்வி பேருந்திலும் அலுவலகத்திலும் கோவில் வாசலிலும் வீட்டுச் சமையலறையிலும் வந்துகொண்டே இருக்கும். அதற்கு விடை தேட முதல் கேள்வியை எழுப்பவேண்டிய அவசியமே பல நேரங்களில் இருப்பதில்லை.

படி 1: திருச்சபை உண்மையில் சொல்வதைப் படியுங்கள்

காதில் விழுந்ததை வைத்துப் பேசுகிறவர்களே இங்கு அதிகம். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் திருநரைப் பற்றித் தனிப் பகுதி கிடையாது. பலரும் மேற்கோள் காட்டும் எண் 2358 ஒருபாலீர்ப்பு உள்ளவர்களைப் பற்றியது. அவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவேண்டும், நியாயமற்ற பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக்கூடாது என்கிறது அது. ஒவ்வொருவரும் தம் பாலியல் அடையாளத்தை உணர்ந்து ஏற்கவேண்டும் என்பது எண் 2333.

நேரடியாகப் பேசும் ஏடு, வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் திருப்பீடத்துறை 2024 ஏப்ரல் 8 அன்று வெளியிட்ட 'டிக்னிடாஸ் இன்ஃபினிட்டா' (எல்லையற்ற மாண்பு). அதன் 55 முதல் 60 வரையிலான எண்களை மட்டும் படிக்க இருபது நிமிடம்கூட ஆகாது. எந்த மனிதரும் வன்முறைக்கும் நியாயமற்ற பாகுபாட்டுக்கும் ஆளாகக்கூடாது என்றுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது. பிறகு பாலினக் கோட்பாட்டை, அதாவது ஒருவரின் பாலினத்தை உடலிலிருந்து பிரித்துப் பார்க்கும் கருத்தை, விமர்சிக்கிறது. எண் 60, பாலின மாற்றச் சிகிச்சை பொதுவாக மனிதர் கருவான நொடியிலிருந்து பெற்ற தனித்துவமான மாண்புக்கு ஆபத்தாக அமையக்கூடும் என்கிறது. பிறவியிலேயே தெரிகிற அல்லது பின்னால் உருவாகும் பிறப்புறுப்புக் குறைபாடுகளுக்காக ஒருவர் மருத்துவ உதவி பெறுவதை அதே எண் பாலின மாற்றமாகக் கருதவில்லை. ஊடுபால் மனிதர்களை, அதாவது ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடற்கூறோடு பிறந்தவர்களைப் பற்றி உங்கள் பங்கில் யாராவது வாய்க்கு வந்ததைப் பேசினால் இந்த வரியைக் காட்டுங்கள்.

இந்த ஏடு சொல்லாத ஒன்றையும் கவனிக்கவேண்டும். தன் உடலோடு ஒட்டாத உணர்வு ஒருவருக்கு வருவதே பாவம் என்று அது எங்கும் சொல்லவில்லை. சாவான பாவத்துக்குக் கனமான விஷயம், முழு அறிவு, முழு மனச்சம்மதம் என மூன்றும் சேரவேண்டும் என்கிறது மறைக்கல்வி (எண் 1857). கேட்காமலே வருகிற உணர்வில் சம்மதத்துக்கு இடம் ஏது?

போதனையும் பரிவும் ஒரே வாயிலிருந்து வர முடியும் என்பதற்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2016 அக்டோபர் 2 அன்று விமானத்தில் செய்தியாளர்களிடம் பேசியபோது, பாலினக் கோட்பாட்டைப் பள்ளிகளில் திணிப்பதைக் கருத்தியல் காலனியாதிக்கம் என்று கடிந்தார். அதே பேட்டியில், தம்மை வத்திக்கானில் சந்தித்த ஸ்பெயின் நாட்டுத் திருநம்பி ஒருவரை ஆண் என்றே குறிப்பிட்டு, இப்படிப்பட்டவர்களை உடன் நடத்திச் செல்லவேண்டும் என்றார். இதில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்துப் பரப்புவோர் இரண்டு பக்கமும் உண்டு.

படி 2: பெயர், அழைக்கும் முறை

முதல் சந்திப்பில் அவர் எந்தப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்கிறாரோ அந்தப் பெயரால் அழையுங்கள். யாரிடமும் அப்படித்தானே செய்கிறோம்? ஒருவர் பெயரைச் சொன்னதும் அடையாள அட்டையை வாங்கிச் சரிபார்ப்பதில்லை.

இது பொய் சொல்வதாகாதா என்று நேர்மையாகவே தவிப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் என்பது ஒருவரைக் கூப்பிடும் வழி. அவரைப் பற்றிய உங்கள் இறையியல் அறிக்கை அல்ல என்பது எங்கள் கருத்து. 'அவன்', 'அவள்' என்ற சொற்கள் இன்னும் நேரடியாகப் பாலைச் சுட்டுவதால் அங்கே தயக்கம் கூடலாம். சில மறைமாவட்டங்கள் தங்கள் பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பிறப்புப் பாலின்படியே குறிப்பிடவேண்டும் என்று விதி வகுத்திருக்கின்றன. வேறு இடங்களில் அருள்பணியாளர்கள் அந்தந்த நபர் கேட்டபடியே அழைக்கிறார்கள். அத்தகைய நிறுவனத்தில் பணி செய்பவர் அங்குள்ள விதியை எழுத்தில் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும். மற்றபடி தமிழில் பேசுகிறவருக்கு வழி எளிது: 'நீங்கள்', 'அவர்' இரண்டுமே மரியாதையானவை, பால் காட்டாதவை. அக்கா, அண்ணா என்று உறவுமுறை வைத்துக் கூப்பிடும்போதுதான் தேர்வு வரும். 'உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?' என்று ஒருமுறை, தனியாக, சாதாரணக் குரலில் கேட்டுவிடுங்கள்.

தவறாகச் சொல்லிவிட்டால் உடனே திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் கடைசியில் அவர்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருக்கும். வேண்டுமென்றே பழைய பெயரைச் சத்தமாகச் சொல்வது வேறு, அது அவமதிப்பு. எந்தப் போதனையும் அதற்குச் சாக்காகாது.

படி 3: கேட்கக்கூடாதவை

அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டதா? ஹார்மோன் எடுக்கிறீர்களா? பழைய பெயர் என்ன? வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா? நான்கும் வேண்டாம். வேறு எந்தச் சக விசுவாசியிடமும் அவருடைய உள்ளாடைக்குள் இருப்பதைப் பற்றி விசாரிக்க மாட்டீர்கள். அவராகவே சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

இன்னொரு வகை உண்டு. 'நீங்கள் எவ்வளவு தைரியசாலி' என்று மூச்சுக்கு மூச்சு புகழ்வது. நல்ல எண்ணம்தான், ஆனாலும் மனிதரைக் காட்சிப்பொருளாக்கிவிடும். மழை, குழந்தைகள், திருப்பலி நேரம், பாடகர் குழுவின் புதுப் பாட்டு என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

உங்கள் குழந்தை எல்லோர் முன்னும் 'அவங்க ஆணா, பெண்ணா?' என்று கேட்டுவிட்டால் வாயைப் பொத்தவோ அதட்டவோ வேண்டாம். அதட்டினால், அந்த மனிதர் பயப்படவேண்டியவர் என்ற பாடம்தான் குழந்தை மனதில் பதியும். 'அவங்க பேரு இது, வணக்கம் சொல்லு' என்று முடித்துவிடுங்கள். மீதி விளக்கத்தை வீட்டில், வயதுக்கு ஏற்றபடி.

படி 4: கோவிலுக்குள்

திருப்பலிக்கு வருபவரை வரவேற்பதற்கு எந்தத் தனிச் சடங்கும் இல்லை. பக்கத்தில் இடம் விடுங்கள், பாடல் புத்தகம் கொடுங்கள், சமாதான வாழ்த்தின்போது மற்றவர்களுக்குச் செய்வதையே அவருக்கும் செய்யுங்கள். அந்த ஒரு நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டால், பிறகு எத்தனை அன்பு மறையுரை கேட்டாலும் அவர் நம்ப மாட்டார்.

நற்கருணை வாங்க அவர் வரிசையில் நின்றால், இருக்கையில் இருக்கும் உங்களுக்கு அதில் எந்த வேலையும் கிடையாது. சட்டத்தால் தடுக்கப்படாத எந்தத் திருமுழுக்குப் பெற்றவரையும் நற்கருணைக்கு அனுமதிக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 912. தன் மனச்சான்றைச் சோதித்துக்கொள்ளவேண்டியது பெறுகிறவர் (916). வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவரைப் பற்றிய 915-ஐப் பயன்படுத்துவது கொடுப்பவரின் பொறுப்பு. அதையும் அவர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் ஊகித்துச் செய்துவிட முடியாது. முன்வரிசையில் உட்கார்ந்து முணுமுணுப்பவருக்கு இந்த எண்கள் எதிலும் இடமில்லை.

கழிப்பறையும் தியான இல்ல அறைகளும் ஏற்பாட்டாளர்களுக்கு உண்மையான தலைவலி. பிரச்சினை வெடித்தபின் மைக்கைப் பிடித்துப் பேசாமல், பதிவுப் படிவத்திலேயே எல்லோருக்கும் பொதுவாக 'தனி அறை தேவையா?' என்ற ஒரு கட்டத்தை வையுங்கள். பூட்டுடன் கூடிய தனிக் கழிப்பறை ஒன்று இருந்தால் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அதே பயன்படும். சிக்கல்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: அவரைச் சூழ்ந்து நின்று கைவைத்து, 'இந்த ஆவி விலகட்டும்' என்று செபிப்பது. பேயோட்டும் சடங்கை மறைமாவட்டத் தலைவரின் வெளிப்படையான தனி அனுமதி இல்லாமல் யாரும் செய்யக்கூடாது (சட்டம் 1172). உளநலச் சிக்கலையும் பேயையும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்று மறைக்கல்வியும் எச்சரிக்கிறது (எண் 1673). செபக்குழுக்களில் ஆர்வக்கோளாறால் நடக்கும் இந்தக் காரியம் ஒருவரைக் கோவில் பக்கமே வராமல் செய்துவிடும்.

படி 5: அருள்சாதனங்கள்

இங்கே பங்குப் பணியாளர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் தெளிவாக இருக்கவேண்டும். பிரேசிலின் சாந்தோ அமாரோ ஆயர் அனுப்பிய கேள்விகளுக்குத் திருப்பீடத்துறை தந்த பதிலைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபர் 31 அன்று ஏற்று ஒப்பமிட்டார். ஹார்மோன் சிகிச்சையும் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டவர் உட்பட, திருநர் மற்ற விசுவாசிகளுக்குரிய அதே நிபந்தனைகளின்படி திருமுழுக்குப் பெறலாம். பொது இடறலோ விசுவாசிகளிடையே குழப்பமோ உண்டாகும் ஆபத்து இருக்கக்கூடாது. ஞானப்பெற்றோராவதற்கும் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம்; ஆனால் அது யாருக்கும் உரிமை அல்ல என்பதால், இடறலோ, தவறான அங்கீகாரமோ, விசுவாசக் கல்வியில் குழப்பமோ வரும் என்றால் பங்குத்தந்தை மறுக்கலாம். திருமணத்துக்குச் சாட்சியாக நிற்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. 2015-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஞானப்பெற்றோர் கேள்விக்கு அதே துறை மறுப்புத்தான் தெரிவித்திருந்தது. ஆகவே பழைய செய்தித்தாள் துண்டை வைத்துக்கொண்டு யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

'இடறல்' என்பதைப் பலர் 'நாலு பேர் பேசுவார்கள்' என்று புரிந்துகொள்கிறார்கள். மறைக்கல்வி எண் 2284 சொல்வது அதுவல்ல: மற்றவரைத் தீமை செய்யத் தூண்டும் நடத்தையே இடறல். வம்பு பேசுவோரின் வாய்க்குப் பயந்து ஒருவருக்குத் திருமுழுக்கை மறுத்தால் யார் யாருக்கு இடறல் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பங்குக்கு விண்ணப்பம் வரும்போது செய்யவேண்டியவை: முதலில் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், செயலர் முன்னிலையில் அல்ல. திருமுழுக்குக் கேட்பவர் என்றால் மற்றவர்களுக்குள்ள அதே தயாரிப்புக் காலத்தை அவருக்கும் கொடுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஞானப்பெற்றோர் என்றால் சட்டம் 874 கேட்பதைச் சரிபாருங்கள்: 16 வயது நிறைவு, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றிருத்தல், விசுவாச வாழ்வு. சந்தேகம் இருந்தால் ஆயர் இல்லத்தைக் கேளுங்கள், பங்குப் பேரவையில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரையோ பாலையோ மாற்றக் கேட்டால் அங்கேயே பேனாவை எடுக்கவும் வேண்டாம், வாசலிலேயே மறுக்கவும் வேண்டாம். நடந்த நிகழ்வின் பதிவு அது. ஓரக்குறிப்பு எழுதுவது பற்றி மறைமாவட்ட அலுவலகம்தான் சொல்லவேண்டும்.

திருமணம் மட்டும் வேறு. ஆணும் பெண்ணும் செய்யும் உடன்படிக்கை என்ற புரிதலில், அரசு ஆவணத்தில் பால் மாறியிருந்தாலும் திருச்சபை பிறப்புப் பாலையே கணக்கில் கொள்கிறது. இதை மறைத்து நம்பிக்கை கொடுப்பது கொடுமை. முதல் சந்திப்பிலேயே, கனிவாக, நேராகச் சொல்லிவிடுங்கள்.

படி 6: இரகசியம்

ஒருவர் திருநர் என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, 'செபிக்கச் சொல்லத்தான்' என்ற போர்வையிலும் இல்லை. யாருடைய நற்பெயரையும் முறையின்றிக் கெடுக்கவோ, அந்தரங்கத்தை மீறவோ கூடாது என்கிறது சட்டம் 220. உண்மையாகவே இருந்தாலும் தக்க காரணமின்றி ஒருவரின் குறைகளைப் பிறரிடம் வெளிப்படுத்துவது குற்றம் என்பது மறைக்கல்வி எண் 2477. ஒருவரைத் திருநர் என்று வெளியில் சொல்வதால் அவர் வேலையையோ வீட்டையோ இழக்கலாம், அடிபடலாம். எனவே செபக்குழு வாட்ஸ்அப்பில் பெயர் போட்டு வேண்டுதல் வைக்காதீர்கள். பெயரில்லாமல் 'ஒரு வேண்டுதல் கருத்துக்காக' என்று போட்டால் கடவுளுக்குப் புரியும்.

படி 7: வீட்டில் பிள்ளை சொன்னால்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. பெற்றோர் முதல் பத்து நிமிடத்தில் சொன்னதைப் பிள்ளை ஆயுள் முழுக்க மறப்பதில்லை.

அந்த நேரத்தில் மூன்று வாக்கியம் போதும்: 'சொன்னதுக்கு நன்றி. நீ எங்க பிள்ளை, அது மாறாது. எனக்கு இது முழுசா புரியல, ஆனா சேர்ந்து புரிஞ்சுக்கலாம்.' அன்று இரவே மறைக்கல்வி வகுப்பு வேண்டாம். யார் கெடுத்தார்கள் என்ற விசாரணையும், செல்பேசியைப் பிடுங்குவதும், ஊரிலுள்ள எல்லா உறவினருக்கும் அழைப்பதும் வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் உங்கள் அழுகைக்குப் பிள்ளையைப் பொறுப்பாளியாக்காதீர்கள்.

அடுத்த சில வாரங்களில் ஒரு தகுதியான உளநல மருத்துவரைப் பாருங்கள். 'ஆறு வாரத்தில் மாற்றித் தருகிறேன்' என்பவரிடமும் போகவேண்டாம்; முதல் சந்திப்பிலேயே மருந்துக்கு அவசரப்படுத்துபவரிடமும் வேண்டாம். பதின்வயதினருக்கு இந்த உணர்வோடு மனச்சோர்வு, பள்ளியில் கேலி, தூக்கமின்மை என்று வேறு பாரங்களும் சேர்ந்திருக்கலாம். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்பவர் தேவை. உங்களுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும், அதற்குப் பொறுமையுள்ள அருள்பணியாளர் ஒருவரைத் தேடுங்கள். எந்த நிலையிலும் வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள். பாலீர்ப்பு எதுவானாலும் ஒவ்வொருவரையும் மாண்போடு ஏற்கவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸின் 'அன்பின் மகிழ்வு' ஏடு எண் 250-இல் (2016) எழுதியிருப்பது குடும்பங்களை மனதில் வைத்தே.

'இருந்து என்ன பயன்' என்ற தொனி வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: 'சாகணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். ஜெபமாலையும் சொல்லுங்கள், போகும் வழியில்.

படி 8: வேலை, வாடகை, கடை

சுருக்கமாகச் சொல்லலாம். தகுதி இருந்தால் வேலை கொடுங்கள், வாடகை கட்ட முடிந்தவருக்கு வீடு கொடுங்கள், மற்றவருக்குச் சொன்ன விலையையே சொல்லுங்கள். பிச்சை போட மனம் வருகிறது, வேலை கொடுக்க வரவில்லை என்றால் கோளாறு எங்கே என்று பார்க்கவேண்டும். பாலியல் தொழிலைக் கண்டிப்பவர்கள், வேறு தொழிலுக்கு யார் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் கேட்கவேண்டும். பெருந்தொற்றின்போது உரோமைக்கு அருகிலுள்ள தோர்வயானிக்காவில் வருமானம் இழந்து நின்ற திருநங்கைகள் பங்குக் கோவிலின் கதவைத் தட்டினார்கள். அந்தப் பங்குத்தந்தை அவர்களுக்கு வத்திக்கானின் உதவியைப் பெற்றுத் தந்தார். முதலில் போனது பணமும் சாப்பாடும். பேச்செல்லாம் பின்னால் வந்தது.

படி 9: போதனையைப் பற்றிப் பேச்சு வந்தால்

அவர் கேட்காமல் தொடங்காதீர்கள். கேட்டால் மழுப்பாதீர்கள். வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 2019-இல் பாலினக் கோட்பாடு பற்றி வெளியிட்ட ஏடு உரையாடலுக்கு ஒரு வரிசை தருகிறது: செவிமடுத்தல், காரணங்களை ஆராய்தல், முன்வைத்தல். நம்மவர்கள் பொதுவாக மூன்றாவதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

விவிலியத்தைத் தடியாக்குவதும் கேடயமாக்குவதும் இங்கே சகஜம். எசாயா 56:3-5, மத்தேயு 19:12, திருத்தூதர் பணிகள் 8:26-40 ஆகியவை அண்ணகர்களை, அதாவது பிறவியிலோ பிறராலோ ஆண்மை இழந்தவர்களைப் பற்றியவை. இன்றைய திருநர் வாழ்வும் அதுவும் ஒன்றல்ல. இவற்றை வைத்து எந்தப் பக்கமும் வழக்கை முடித்துவிட முடியாது. ஆனால் எத்தியோப்பிய அண்ணகர் தண்ணீரைக் கண்டதும் எனக்குத் திருமுழுக்குக்குத் தடை உண்டா என்று கேட்டபோது, பிலிப்பு தேரைவிட்டு இறங்கி அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அதுவரை தேரில் அவர் பக்கத்தில் அமர்ந்து பயணம் செய்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நீங்கள் சொல்லக்கூடியது இப்படி இருக்கலாம்: 'திருச்சபை உடலைக் கடவுளின் கொடையாகப் பார்க்கிறது, நானும் அப்படித்தான் நம்புகிறேன். உங்கள் அனுபவம் எனக்கு முழுதாகத் தெரியாது. நாம் இதில் ஒத்துப்போகாவிட்டாலும் அடுத்த ஞாயிறு உங்களுக்கு இடம் பிடித்து வைப்பேன்.' சொன்னால் இடம் பிடித்து வைக்கவும் வேண்டும். அவர் கோபப்பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். கோவில்காரர்களிடம் வாங்கிய அடிகள் அவருக்கு முன்பே இருக்கக்கூடும்.

உங்கள் முன்னால் யாராவது அவரைக் கேலி செய்தால் அங்கே மட்டும் காத்திருக்கவேண்டாம். 'இப்படிப் பேசாதீங்க' என்று உடனே, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பின்னால் தனியாக வந்து அவரிடம் வருத்தம் தெரிவிப்பது உங்களுக்கு மட்டும்தான் ஆறுதல்.

படி 10: இறப்பு

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. இறந்த விசுவாசிகளுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு நடத்தவேண்டும் என்பது சட்டம் 1176. மறுப்பதற்கான காரணங்கள் 1184-இல் வரையறுக்கப்பட்டவை, திருநராக இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. மோதல் வருவது பெயரிலும் உடையிலும்தான்: பிரிந்திருந்த குடும்பம் பழைய பெயரையும் பழைய உடையையும் கேட்கும், கூட வாழ்ந்த நண்பர்கள் மறுப்பார்கள். சவப்பெட்டியின் முன் அதைத் தீர்க்க முடியாது. நோயில் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்கி, பங்குத்தந்தையிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். சடங்கில் வாசிக்கவேண்டிய பெயர், உடை, யாருக்குச் செய்தி சொல்லவேண்டும், கல்லறைச் செலவை யார் ஏற்பது ஆகிய நான்கும் அந்தத் தாளில் இருக்கட்டும்.